கல்லறை இல்லாதவரை எங்கே நினைப்பது?

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஊர் குருநகர். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வன்னிக்குப் போன குடும்பம். 2009 இல் அப்பா எறிகணைக் காயத்தால் இறந்தார். ஓர் ஒழுங்கையோரத்தில் அவரை அவசரமாக அடக்கம் செய்துவிட்டு நடந்தோம். பின்னர் போய்த் தேடியும் அந்த இடத்தை அடையாளம் காண முடியவில்லை. அவர் வலை பொத்திய ஊசியை மட்டும் அம்மா பையில் வைத்துக் கொண்டுவந்தார். இறந்தோரை நினைவுகூரும் நாளான நவம்பர் 2 ஆம் திகதி அயலவர் எல்லாரும் கல்லறைகள் உள்ள சேமக்காலைக்குப் போகும்போது எங்களுக்குப் போக இடமில்லை. வேறொரு சபையில் சேர்ந்துவிட்ட சின்னம்மா, விசுவாசமுள்ளவர்கள் இறந்தவர்களை நினைத்து அழுதுகொண்டிருக்கக் கூடாது என்கிறார். இப்போது அப்பாவின் குரலும் எனக்கு மறந்துகொண்டு வருகிறது. அவருக்குத் துரோகம் செய்வதுபோல் இருக்கிறது. கிறிஸ்தவர்களாகிய எங்களுக்கு இந்த நினைவில் ஆறுதல் ஏதும் உண்டா?

ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உண்டு. உங்கள் அப்பாவை நீங்கள் நினைப்பதற்கு முன்னமே ஆண்டவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பதே அந்த ஆறுதலின் வேர் என்று நான் நம்புகிறேன். நீங்கள் கேட்ட ஒவ்வொன்றையும் அந்த நம்பிக்கையில் நின்றுதான் என்னால் பார்க்க முடிகிறது.

சின்னம்மா சொல்வதற்கு ஆதாரமாகப் பெரும்பாலும் காட்டப்படுவது, பவுல் தெசலோனிக்கருக்கு எழுதிய முதலாம் கடிதத்தின் நான்காம் அதிகாரம். ஆனால் நம்பிக்கையற்றவர்களைப் போலத் துயரப்பட வேண்டாம் என்றுதான் பவுல் அங்கே எழுதுகிறார். துயரமே கூடாது என்று அவர் எழுதவில்லை. லாசரைச் சற்று நேரத்தில் உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்த இயேசுவே அவருடைய கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். ஸ்தேவானை அடக்கம் செய்த பக்தியுள்ள மனிதர்கள் அவருக்காகப் பெரிதாகப் புலம்பினார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. இவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்வார்?

அதே நூலின் ஒன்பதாம் அதிகாரத்தை நீங்கள் அம்மாவோடு இருந்து ஒருமுறை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். யோப்பாவில் தொற்காள் என்ற சீடப் பெண் இறந்துபோகிறார். பேதுரு அந்த வீட்டின் மேலறைக்கு வரும்போது கைம்பெண்கள் அழுதபடி அவரைச் சூழ்ந்து நின்று, தொற்காள் தங்களோடு இருந்த காலத்தில் தைத்த அங்கிகளையும் ஆடைகளையும் எடுத்துக் காட்டுகிறார்கள். அவர்கள் அவருடைய குணநலன்களைப் பற்றிப் பேசியதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. கைகள் செய்த வேலையைத்தான் காட்டுகிறார்கள். பேதுருவும் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அவர்களை வெளியே அனுப்பிவிட்டு முழந்தாளிட்டுச் செபிக்கிறார். உங்கள் அம்மா அந்தப் பையில், அத்தனை அவலத்துக்குள்ளும், ஒரு வலை ஊசிக்கு இடம் வைத்ததை வாசித்தபோது எனக்கு அந்தப் பெண்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். உடலின் உயிர்ப்பை நம்பி அறிக்கையிடுகிற நாங்கள், அந்த உடலின் கைகள் பழகிய பொருளை வெறும் பொருள் என்று தள்ளிவிட முடியாது. அதைப் பத்திரமாக வைத்திருங்கள்; பிள்ளைகளின் கையிலும் கொடுங்கள், தாத்தா அதில் எப்படி நூல் சுற்றினார், கிழிந்த கண்ணை எப்படிப் பொத்தினார் என்று அம்மாவையே காட்டச் சொல்லுங்கள்.

கல்லறை இல்லாதது பெரிய காயம். அது ஒரு பொருட்டில்லை என்று உங்களுக்குச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் இதே கேள்விக்குள் நின்ற ஒரு தாயைப் பற்றிச் சொல்லலாம். புனித அகுஸ்தீனின் தாய் மோனிக்கா, தன் கணவரின் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட வேண்டுமென்று நெடுங்காலம் விரும்பி, அதற்கான இடத்தையும் ஆயத்தம் செய்து வைத்திருந்தவர். 387 ஆம் ஆண்டு, ஊர் திரும்பும் வழியில், கடலுக்கு இக்கரையில் உரோமைக்கு அருகே ஒஸ்தியாத் துறைமுகத்தில் அவர் நோயில் விழுந்தார். உடலை இவ்வளவு தூரத்தில் விட்டுவிட்டுப் போக அச்சமில்லையா என்று கேட்டவர்களுக்கு, கடவுளுக்கு எதுவும் தூரமில்லை, உலக முடிவில் தன்னை எங்கிருந்து எழுப்புவது என்று அவருக்குத் தெரியாமல் போய்விடாது என்று பதில் சொன்னார். பிள்ளைகளிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: உடலை எங்கே வைத்தாலும் சரி, நீங்கள் எங்கே இருந்தாலும் ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள். தாய்க்கு ரொறன்ரோவிலும் தகப்பனுக்கு வன்னியிலுமாக அடக்கம் நடந்த குடும்பங்கள் நிறைந்த எங்கள் மண்ணில், இந்த வார்த்தைகளை ஒவ்வொரு நவம்பரிலும் உரக்க வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

குரல் மறந்துபோவது துரோகமில்லை, சகோதரி. மனித நினைவு அவ்வளவு காலத்துக்குத்தான் தாங்கும். உங்கள் அப்பா உங்கள் நினைவைப் பற்றிக்கொண்டுதான் வாழ்கிறார் என்றால் அந்த மறதி பயங்கரமானதாக இருந்திருக்கும். சிலுவையில் இயேசுவோடு தொங்கிய கள்வனுக்கும் கல்லறை உண்டா என்று எவருக்கும் தெரியாது. அவன் கேட்டது, உம்முடைய அரசில் என்னை நினைத்துக்கொள்ளும் என்பதுதான். அன்றைக்கே பேரின்ப வீட்டில் தன்னோடு இருப்பான் என்ற வாக்கு அவனுக்குக் கிடைத்தது. தாய் தன் பாலகனை மறந்தாலும் நான் உன்னை மறக்கமாட்டேன், என் உள்ளங்கைகளில் உன்னைப் பொறித்திருக்கிறேன் என்று எசாயாவின் வாயிலாக ஆண்டவர் சொன்னதையும் உங்கள் அப்பாவின் பெயரோடு சேர்த்தே வாசியுங்கள்.

சின்னம்மாவோடு வாதாட வேண்டாம். இறந்தோருக்காகச் செபிப்பதா, அவர்களுக்காக நன்றி மட்டும் சொல்வதா என்பதில் கத்தோலிக்கருக்கும் மற்றச் சபையினருக்கும் பழைய கருத்து வேற்றுமை உண்டு; அது உங்கள் வீட்டு முற்றத்தில் தீரப்போவதில்லை. உயிர்ப்பை அவரும் நம்புகிறார், அது போதும். அவரிடம் அப்பாவின் இளவயதுக் கதைகளைக் கேளுங்கள், நிச்சயம் சொல்வார்.

நவம்பர் 2 ஐப் பற்றி ஒன்று. திருப்பலியின் நற்கருணை மன்றாட்டுகளில் ஒன்று, எவர்களுடைய விசுவாசத்தைக் கடவுள் ஒருவரே அறிந்திருக்கிறாரோ அந்த இறந்தோர் எல்லாரையும் நினைத்து மன்றாடுகிறது. கல்லறை உள்ளவர், இல்லாதவர் என்ற பிரிவு அங்கே இல்லை. ஆகவே ஒக்ரோபர் கடைசிக் கிழமையிலேயே பங்கில் அப்பாவின் பெயரைப் பூசைக்குக் கொடுத்துவிடுங்கள். நவம்பர் 2 அன்று பின்னேரம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு சேமக்காலைக்குப் போங்கள். அங்குள்ள பெரிய சிலுவையடியில் அப்பாவுக்கென்று மெழுகுதிரி கொளுத்துங்கள். அயலில் பராமரிக்க ஆளில்லாத கல்லறை ஏதும் கண்ணில் பட்டால் அதன் புல்லையும் பிடுங்கிவிட்டு வாருங்கள். அந்தக் கல்லறைக்காரரின் பிள்ளைகள் எந்த நாட்டில் இருந்து ஏங்குகிறார்களோ தெரியாது.