வீடியோவில் புரிகிறது, பரீட்சையில் ஏன் வரவில்லை?

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிக் கொடுத்த போனில்தான் இன்றுவரை எல்லாப் பாடமும். இரவு பதினோரு மணி வரை யூடியூபில் பாடம் பார்க்கிறான். கேட்டால் "எல்லாம் புரியுதும்மா" என்கிறான். காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் 70-க்கு 24. போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா? எட்டாம் வகுப்பு படிக்கும் மகளும் இப்போது டேப்லெட் கேட்கிறாள்.
ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. அதை முதலில் நம்புங்கள். அவனுக்கு உண்மையாகவே புரிகிறது. நன்றாக நடத்தத் தெரிந்த ஒருவர் வீட்ஸ்டோன் சமனச்சுற்றை வரைந்து, மின்னோட்டம் எந்தச் சந்தியில் எப்படிப் பிரிகிறது என்று வண்ணம் போட்டுக் காட்டினால் யாருக்குமே புரியும். வெள்ளைத்தாளை முன்னால் வைத்துக்கொண்டு அதே சுற்றைத் தானே வரைந்து, கிர்க்காஃப் விதியைப் போட்டுச் சமன்பாடு எழுத வருகிறதா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியை அவனிடம் யாருமே கேட்பதில்லை. காலாண்டு வினாத்தாள்தான் முதல்முறையாகக் கேட்டிருக்கிறது.

பல வருடங்களாகப் பிளஸ் டூ பிள்ளைகளோடு இருப்பவன் என்ற முறையில் நான் பார்க்கும் பெரிய மாற்றம் இதுதான். புத்தகத்தை மட்டும் வைத்துப் படித்த பையன் இரண்டாவது பத்தியிலேயே தடுக்கி விழுவான். எரிச்சல் வரும். ஆனால் தனக்கு எது தெரியவில்லை என்று அவனுக்குத் தெளிவாகத் தெரியும். வீடியோ தடுக்கி விழவே விடுவதில்லை. கடினமான இடத்தை நடத்துபவரே கடந்துவிடுகிறார், பார்ப்பவனுக்குத் தானே கடந்த மாதிரி இருக்கிறது.

2018-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மூன்வாக் நடனம், டார்ட் எறிதல் போன்றவற்றின் வீடியோவைச் சிலருக்கு ஒரே ஒருமுறையும் சிலருக்குத் திரும்பத் திரும்பவும் காட்டினார்கள். பலமுறை பார்த்தவர்களுக்கு "இனி எனக்கு வரும்" என்ற நம்பிக்கை கூடியது. செய்யச் சொன்னபோது, ஒருமுறை பார்த்தவர்களைவிட அவர்கள் நன்றாகச் செய்யவில்லை. நம்பிக்கை மட்டும்தான் வளர்ந்திருந்தது.

இன்னொரு சோதனை உங்கள் வீட்டுக் கதையையே சொல்வது போல இருக்கும். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இரண்டு பாடப்பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒன்றை அவர்கள் திரும்பவும் படித்தார்கள். மற்றதை மூடி வைத்துவிட்டு, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது திரும்பப் படித்த பகுதிதான் முந்தியது: அதில் 81 சதவீதம் நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்துத் தேர்வு எழுதியவர்களிடம் எல்லாம் தலைகீழ். திரும்பப் படித்ததில் 42, எழுதிப் பார்த்ததில் 56. உங்கள் மகன் இரவு பதினோரு மணிக்குத் தன்னைப் பார்த்து "எல்லாம் தெரியும்" என்று நினைப்பது அந்த ஐந்தாவது நிமிடத்தில். பரீட்சை வருவதோ வாரங்கள் கழித்து.

அந்தக் காலத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை, அதாவது வாய்ப்பாட்டை, பார்க்காமல் உரக்கச் சொல்ல வேண்டும், சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன் சரிபார்ப்பான். அந்தக் காலத்து அடியும் தண்டனையும் நமக்கு வேண்டாம். ஆனால் படித்ததைப் பார்க்காமல் வெளியே கொண்டுவரும் பழக்கம் பாடத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. போனில் படிக்கும் பிள்ளைகளிடம் காணாமல் போனது அந்த ஒன்றுதான்.

ஆகவே போனைப் பிடுங்காதீர்கள். பள்ளியில் புரியாததை இரவில் நிறுத்தி நிறுத்திக் கேட்க முடிவது சின்ன விஷயமில்லை. டியூஷனுக்குப் பணம் கட்ட முடியாத எத்தனையோ வீடுகளுக்கு அது கிடைத்திருக்கிறது. 2018 முதல் வந்த நம் பாடநூல்களிலேயே க்யூஆர் கோடு அச்சிட்டு வீடியோவுக்கு வழி வைத்திருக்கிறார்கள். மாற்ற வேண்டியது வரிசையை.

இப்போது அவன் வீடியோவில் தொடங்கி வீடியோவிலேயே முடிக்கிறான். இனி புத்தகத்தில் தொடங்கட்டும். போன் இல்லாமல் பத்து, பதினைந்து நிமிடம். ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கை எடுத்து, தீர்வைத் தாளால் மறைத்துவிட்டுத் தானே போட முயலட்டும். பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுவான். நிற்கட்டும், எங்கே நின்றானோ அதற்கு மட்டும் வீடியோ பார்க்கட்டும். அதிலும் அடுத்த வரியை ஆசிரியர் எழுதுவதற்கு முன் நிறுத்தி, தான் எழுதிப் பார்க்க வேண்டும். வேகத்தைக் கூட்டிப் பார்க்கிறானே என்று சில பெற்றோர் கவலைப்படுவார்கள், அது பெரிய பிரச்சினை இல்லை. நிறுத்தாமல் பார்ப்பதுதான் பிரச்சினை.

அப்புறம் போன் ஹாலுக்குப் போய்விட வேண்டும். புத்தகமும் மூடியிருக்க வேண்டும். ரஃப் நோட்டில், அன்று படித்ததில் நினைவுக்கு வருகிற படம், சூத்திரம், வரையறை எல்லாவற்றையும் எழுதட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்க்கட்டும். மறுநாள் படிக்க வேண்டியது அந்தச் சிவப்பை மட்டும்தான். அதே பாடத்தை மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் இப்படி எழுதிப் பார்த்தால் போதும்.

ஒன்றை அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு வாரம் "எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே" என்றுதான் தோன்றும். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவனை இந்த முறை கெடுத்துவிட்டது என்றுகூட நினைப்பான். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் பழைய வழிக்குத் திரும்புவது இந்தக் கட்டத்தில்தான். அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அதற்கு உங்களுக்கு இயற்பியல் தெரிய வேண்டியதில்லை. "படிச்சியா? புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "நேற்று படிச்சதை எனக்கு வரைஞ்சு காட்டு" என்று கேளுங்கள். சமையல் செய்துகொண்டே கேட்கலாம். அவன் தடுமாறும் இடம் உங்களுக்கும் தெரிந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் அது இப்போது எல்லா வீட்டிலும் நடக்கிறது. கணக்கைப் படம் எடுத்துப் போட்டால் முழுத் தீர்வும் தரும் செயலிகளும் சாட்ஜிபிடியும் உங்கள் மகன் கையிலும் இருக்கலாம். துருக்கியில் சுமார் ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்துக் கணிதத்தில் ஓர் ஆய்வு நடந்தது. சாட்ஜிபிடி போன்ற ஏஐ உதவியோடு பயிற்சி செய்தவர்கள் பயிற்சியில் 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். அந்த உதவி இல்லாமல் தேர்வு எழுதியபோது, அது கிடைக்கவே கிடைக்காதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடையைத் தராமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த இன்னொரு வகையில் இந்தப் பாதிப்பு பெருமளவு இல்லை. ஆகவே தடை போட வேண்டாம், கேட்கும் விதத்தைச் சொல்லிக்கொடுங்கள். "நான் இதுவரை போட்டது இது. விடையைச் சொல்லாதே, எந்த வரியில் தவறு என்று மட்டும் காட்டு." இப்படிக் கேட்டால் அது உதவும். வெறும் கேள்வியைப் படம் எடுத்துப் போட்டால், விடை அவன் நோட்டில் இருக்கும், தலையில் இருக்காது.

அரையாண்டுத் தேர்வுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய வினாத்தாள் ஒன்றை மூன்று மணி நேரம் வைத்து வீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் எவ்வளவு என்பதைவிட, விட்டுப்போன கேள்விகள் "தெரியாதவை"யா, "தெரியும் என்று நினைத்தவை"யா என்று அவனையே பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது வகை குறைந்துகொண்டே வந்தால் சரியான பாதையில் போகிறான்.

மகளுக்கு இப்போது தனியாக டேப்லெட் தேவையில்லை. எட்டாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் உள்ள க்யூஆர் கோடுக்கு உங்கள் போனே போதும். ஹாலில், நீங்கள் இருக்கும்போது, அவள் முயன்று நின்றுபோன இடத்தைச் சொன்ன பிறகு போனைக் கொடுங்கள்.