பாஸ்பேட் பூஜ்யம், பாசியோ பாறை முழுக்க: பவளத் தொட்டியில் என்ன செய்வது?

கேள்வி: 200 லிட்டர் கடல்நீர்ப் பவளத் தொட்டி, காய்ந்த பாறை போட்டுத் தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. இரண்டு மாதமாகப் பாறை முழுக்கப் பச்சை முடிப்பாசி. சோவாந்திட் எனப்படும் பொத்தான் போன்ற பவளங்களையும் மூட ஆரம்பித்துவிட்டது. டெஸ்ட் கிட்டில் பாஸ்பேட் 0, நைட்ரேட் 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு). சத்தே இல்லாத தண்ணீரில் பாசி எப்படி வளர்கிறது? பாஸ்பேட் உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு துகளை இன்னும் கூட்டலாமா? பாசிக்கொல்லி ஊற்றலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். கிட் சரியாகத்தான் காட்டுகிறது. ஆனால் நீங்கள் அளப்பது பாசி தின்றது போக மிச்சம். பாறையிலிருந்து கசியும் பாஸ்பேட்டைத் தண்ணீரில் பரவும் முன்பே பாசி இழுத்துக்கொள்கிறது. துகளைக் கூட்டினால் முதலில் பட்டினி கிடப்பது பவளம்தான்; நிறம் வெளிறும், பாலிப் எனும் அதன் பூப்போன்ற சிறு உயிர்கள் விரியாது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தில் நின்றால் டைனோ எனப்படும் பழுப்புக் கோழை வரும். அதைவிட முடிப்பாசி எவ்வளவோ மேல். எனவே துகளை இப்போதே எடுத்துவிடுங்கள். இலக்கு: பாஸ்பேட் 0.03 முதல் 0.1, நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம்.

முதலில் எந்தப் பாசி என்று பாருங்கள். ஒரு கொத்தைப் பிடுங்கி, வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தொட்டி நீரில் மிதக்க விடுங்கள். ஒழுங்கில்லாத மெல்லிய நூலாகக் கிடந்தால் முடிப்பாசி. நடுவில் ஒரு தண்டும் இருபுறமும் இறகுபோல் கிளையும் தெரிந்தால் பிரையாப்சிஸ். அதற்கான வழியைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

முடிப்பாசியைக் கையால் எடுப்பதுதான் வேலையில் முக்கால் பங்கு. கழற்ற முடிகிற பாறைகளை ஒரு வாளி தொட்டி நீரில் வைத்துப் பிடுங்கி, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவினால் பாறையிலுள்ள நல்ல பாக்டீரியா செத்துவிடும். அந்த வாளி நீரைத் தொட்டிக்குத் திருப்பி ஊற்றாதீர்கள். கழற்ற முடியாத பாறை என்றால் பம்ப்பை நிறுத்திவிட்டு, ஒரு கையால் பிடுங்கும்போதே மறு கையில் சைபன் குழாய் பக்கத்தில் இருக்க வேண்டும். சும்மா தேய்த்து விட்டால் துண்டுகள் பறந்து ஒவ்வொரு இடுக்கிலும் முளைக்கும். வாரம் ஒருமுறை, வெளியேறும் 20–30 லிட்டரே அந்த வாரத்தின் நீர் மாற்றம்.

பவளம் இல்லாத பாறையில் பிடிவாதமாக நிற்கும் கொத்துக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை சிரிஞ்சில் எடுத்து, தண்ணீருக்கு வெளியே வைத்துச் சொட்டுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்து உப்புநீரில் அலசித் திருப்பி வைக்கலாம். சில நாளில் பாசி வெளுக்கும்.

பாசியை மழித்த பிறகே நத்தை. நீளமாக வளர்ந்த முடியை அவை தொடுவதில்லை. குட்டையாக்கிக் கொடுத்தால் மேயும். உங்கள் அளவுக்கு எட்டுப் பத்து போதும். டர்போ நன்றாக மேயும், ஆனால் ஒட்டாத பவளத்தைத் தள்ளிவிடும். டிரோக்கஸ் கவிழ்ந்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும், அதனால் எனக்கு அதுதான் பிடிக்கும். பாசி மேயும் டாங் மீன் வாங்கச் சொல்வார்கள். 200 லிட்டர் அதற்குப் போதாது.

சத்து எங்கிருந்து வருகிறது? என் சந்தேகம் பாறை மேல்தான். தேய்த்த பாறை ஒன்றை புதிதாகக் கலந்த உப்புநீரில் சின்ன பம்ப், ஹீட்டரோடு இருட்டில் மூன்று நாள் வைத்து, முன்னும் பின்னும் பாஸ்பேட் பாருங்கள். ஏறியிருந்தால் பாறை கக்குகிறது. மழிப்பதும் நீர் மாற்றுவதும் தொடரத் தொடர அது தீரும். அடுத்து ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீர், அதாவது உப்புக் கலக்க எடுக்கும் சுத்திகரித்த நீர்: டி.டி.எஸ். (கரைந்த பொருள்களின் அளவு) 0 இல்லாவிட்டால் சுத்திகரிப்பானின் ரெசினை மாற்றுங்கள். உறைந்த தீனியை உருக்கி, நீரை வடித்துவிட்டுப் போடுங்கள். அழுக்கைப் பிடிக்கும் துணிப்பையான பில்டர் சாக் மூன்று நாளுக்கு ஒருமுறை மாற வேண்டும். லைட் எட்டு மணி நேரம் போதும். சில நாள் இருட்டடிப்பு செய்வது வீண். வெளிச்சம் வந்ததும் பாசியும் வரும்.

மூன்றாவது வாரம்வரை பெரிய மாற்றம் தெரியாது. கணிசமாகக் குறைய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இடையில் பாஸ்பேட் 0.1-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் மட்டும், அதே துகளில் பாதி அளவைத் திரும்பப் போடுங்கள். மளமளவென்று இறக்கினால் பவளம் தாங்காது.

மணலில் பழுப்புக் கோழை தெரிந்தால் கொஞ்சம் எடுத்து, ஒரு பாட்டில் தொட்டி நீரில் நன்றாகக் குலுக்கி, காபி பில்டர் தாளில் வடிகட்டி, வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். வடிந்த நீரில் மறுபடி நூல்நூலாகத் திரண்டால் டைனோதான். அப்போது நீர் மாற்றத்தையும் நிறுத்தி, சத்தை ஏற்ற வேண்டும்.

செம்பு கலந்த பாசிக்கொல்லி இறால், நத்தை, பவளம் மூன்றையும் கொல்லும். பாறையில் ஊறிப் பிறகும் கசியும்.

பிரையாப்சிஸ் என்றால் மட்டும் ஃப்ளூகோனசோல் எனும் பூஞ்சைக்கொல்லி மருந்து: லிட்டருக்கு 5 மி.கி. பாறையும் மணலும் போக உங்கள் தொட்டியில் 170 லிட்டர் நீர் இருந்தால் 850 மி.கி. நீரைச் சுத்தம் செய்யும் கரியான கார்பனை எடுத்துவிடுங்கள்; அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரில் கோப்பையைக் கழற்றி, காற்று மட்டும் ஓடட்டும். 14 நாள் நீர் மாற்றாதீர்கள். சாகும் பாசி சத்தைத் தண்ணீரில் விடும் என்பதால் உதிர்வதை நைலான் வலையால் அள்ளிக்கொண்டே இருங்கள். பிறகு 20–25 சதவீதம் நீர் மாற்றி, கார்பனைத் திரும்பப் போடலாம்.