மருத்துவர் கைபேசியைப் பார்த்து மருந்து எழுதினால் நம்பலாமா?

மயிலாப்பூரில் நீங்கள் பார்க்கும் மருத்துவர் கைபேசியைப் பார்த்தே மருந்து எழுதுகிறார், அவருக்குத் தெரியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அது அறியாமை அன்று. 1996இல் பாம் பைலட் என்ற கையடக்கக் கணினி வந்தபின் சட்டைப்பைக்குள் புகுந்த மருந்துக் கையேடுதான் இன்று கைபேசியில் இருக்கிறது.

12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம் பாராசிட்டமால். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அது 3.6 மில்லி, 120 மில்லிகிராம் உள்ளதில் 7.5 மில்லி. வாசலில் கூட்டம் நெரிக்கும் மாலையில் இதை மனக்கணக்காகப் போடுபவரைவிடத் திரையில் சரிபார்ப்பவரையே நான் நம்புவேன்.

மூத்த மருத்துவர்கள் சிலர் தயங்குவதற்குக் காரணம் கருவியின் மீதான ஐயம் மட்டுமன்று. "டாக்டருக்கே தெரியலை போலிருக்கு" என்று நோயாளி நினைத்துவிடுவாரோ என்ற கூச்சமும்தான். வயிற்றை அழுத்திப் பார்த்து நோயை அறிவதற்கு எந்தச் செயலியும் ஈடாகாது என்று அவர்கள் சொல்வது, அளவுக் கணக்குக்குப் பொருந்தாவிட்டாலும், முற்றிலும் நியாயமே.