விழுந்தபின் எழுவது எப்படி? தரைப்பிடிப் பயிற்சி குறித்த வாசகர் கேள்விகள்

ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி: நகரத்துக் கடையில் வேலை முடிந்து, இருட்டிய பிறகு தேயிலை மலை வழியாக லயத்துக்கு நடந்து வருகிறேன். ஜூடோ வகுப்பில் சேர விருப்பம். ஆனால் படுத்துப் பிடிக்கப் பழகினால், ஆபத்து வேளையிலும் தரையிலேயே கிடந்துவிட மாட்டேனா?

உங்கள் ஐயம் நியாயமானது. தரையில் கிடந்தபடி பிடித்துப் போராடும் முறையே தரைப்பிடி. போட்டியாளர் எதிராளியைத் தரையில் அழுத்தி வைப்பதற்காக அதைக் கற்கிறார். தற்காப்புக்காகக் கற்பவரோ தரையைவிட்டு எழுவதற்காகவே அதைக் கற்க வேண்டும். விழாமல் இருப்பது எப்போதும் நம் கையில் இல்லை. மழையில் வழுக்கும் படிக்கட்டிலோ வடிகான் வெட்டிய சரிவிலோ பின்னாலிருந்து தள்ளப்பட்டால் எவரும் விழுவார். பழக்கமில்லாதவர் விழுந்தவுடன் இரு கைகளையும் நீட்டி, மேலே இருப்பவரின் மார்பைத் தள்ளுவார். சிறிது நேரத்தில் தோள்கள் சோர்ந்துவிடும். பிறகு குப்புறத் திரும்பி எழ முயல்வார். அந்தக் கணத்தில் அவருடைய முதுகும் கழுத்தும் எதிராளியின் வசமாகிவிடும்.

பழகியவர் வேறு விதமாக நடந்துகொள்வார். ஒருவன் மார்பின்மீது ஏறி உட்கார்ந்தால், அவனது ஒரு கையை இரு கைகளாலும் நெஞ்சோடு இறுக்கி, அதே பக்கத்துக் காலைத் தம் பாதத்தால் கொக்கிபோட்டுப் பிடித்து, இடுப்பை உயர எக்கி அந்தத் தோளின் பக்கமாகப் புரட்டுவார். அது கைகூடாவிட்டால் ஒருக்களித்து, முழங்கையையும் முழங்காலையும் இடையில் நுழைத்து, இடுப்பைப் பின்னுக்கு இழுத்து இடைவெளி உண்டாக்குவார். எழும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு உள்ளங்கையைப் பின்னால் ஊன்றி, அதற்கு எதிர்ப்பக்கத்துப் பாதத்தைத் தரையில் பதித்து, மற்றக் கையை முகத்துக்கு முன் வைத்தபடி இடுப்பைத் தூக்கி, மீதமுள்ள காலை உடலுக்கு அடியாகப் பின்னே இழுத்து, எதிராளியைப் பார்த்தவாறே நிமிர வேண்டும். அவனுக்கு முதுகு காட்டாமல் எழுவதே இதன் பயன்.

வகுப்பில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஜூடோப் போட்டியில் சிலர் குப்புறச் சுருண்டு, நடுவர் ஆட்டத்தை நிறுத்தும்வரை காத்திருப்பார்கள். தோட்டத்துப் பாதையில் நடுவர் இல்லை. அந்தப் பழக்கம் உங்களிடம் ஒட்டிக்கொள்ள இடம் கொடுக்காதீர்கள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையென்றால் கூரான கட்டைகளின்மேல் உருள்வதே பெரும் காயமாகிவிடும். ஆகவே எழுந்தவுடன் வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் திசையில், சத்தமிட்டுக்கொண்டே ஓடுங்கள்.

பதுளையிலிருந்து ஒரு கராத்தே மாணவர்: நூற்றுக்குத் தொண்ணூறு சண்டைகள் தரையில்தான் முடிகின்றன என்று சொல்கிறார்களே, உண்மையா?

இந்தக் கணக்கைத் தேடிப்போனால், லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸாரின் 1988ஆம் ஆண்டுச் சம்பவ அறிக்கைகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வொன்றுக்கே வந்துசேர்கிறோம். கைவிலங்கு மாட்டுவதற்காகச் சந்தேக நபரைக் கீழே தள்ளி அடக்குவது பொலிஸாரின் வழக்கம் என்பதால், தரையில் முடிந்த சம்பவங்கள் அங்கே அதிகமாக இருந்ததில் வியப்பில்லை. பஸ் நிலையத்தில் நடக்கும் கைகலப்புக்கு அதை அளவுகோலாக்க முடியாது.

1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த, பல தற்காப்புக் கலைஞர்கள் மோதிய முதலாவது யூஎஃப்சி போட்டியில், உடல் பருமனில் குறைந்த ரொய்ஸ் கிரேசி, தரைப்பிடியை மையமாகக் கொண்ட பிரேசிலிய ஜியு ஜிட்சுவைக் கொண்டு தம்மைவிடப் பெரியவர்களைப் பணியவைத்ததும் இந்த நம்பிக்கையை வளர்த்தது. தரையைத் தெரியாதவர், தெரிந்தவரிடம் அகப்பட்டால் தப்புவது அரிது என்பதை அவர் ஐயமின்றி நிறுவினார். ஆனால் அங்கே ஒருவருக்கு ஒருவர் மட்டுமே, ஆயுதம் இல்லை, விரிப்பு மெத்தென்றிருந்தது. உங்கள் கராத்தேயை விட்டுவிட வேண்டாம். அதனோடு தரையிலிருந்து தப்பும் முறைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தலவாக்கலையிலிருந்து பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு வாசகி: வெளியாளைவிட வீட்டுக்குள்தான் எனக்குப் பயம். குடித்துவிட்டு வந்து கீழே தள்ளிக் கழுத்தைப் பிடிக்கிறார். இந்தப் பயிற்சி எனக்கு உதவுமா?

சகோதரி, உதவும், ஆனால் அது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் ஓட இடமில்லை. சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே அழுத்தப்படும்போது, தரைப்பிடி தெரிந்தவருக்குள்ள வாய்ப்பு வேறு எந்தக் கலை தெரிந்தவருக்கும் இல்லை. கழுத்தில் கை விழுந்தால், அவரது முகத்தைத் தள்ளி நேரத்தை இழக்காதீர்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டி, இரு கைகளாலும் அவரது ஒரு மணிக்கட்டைக் கீழ்நோக்கி இழுத்து, இடுப்பைத் திருப்புங்கள். சண்டை மூளும் அறிகுறி தெரிந்தவுடனேயே, கத்தி இருக்கும் சமையல் பக்கத்தை விட்டு இஸ்தோப்பு (முன் திண்ணை) பக்கம் நகர்ந்துவிடுங்கள். அங்கிருந்து கூப்பிட்டால் பக்கத்துக் காம்பராவில் கேட்கும்.

கழுத்தை நெரிப்பது உயிருக்கே வரக்கூடிய ஆபத்தின் முன்னறிகுறி என்பதை மனதில் வையுங்கள். வெளியே காயம் தெரியாவிட்டாலும் உள்ளே வீக்கமோ இரத்தக்குழாய்ச் சேதமோ இருக்கலாம். குரல் கம்மினாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938. அவசரத்துக்குப் பொலிஸ் 119. எந்தப் பிடியைக் கற்பதற்கும் முன்னதாக, இன்றே செய்ய வேண்டியது அந்த அழைப்பு.

மஸ்கெலியாவிலிருந்து ஓர் இளைஞர்: எதிராளியிடம் கத்தி இருந்தால்? அல்லது இரண்டு மூன்று பேர் வந்தால்?

கட்டிப் புரள வேண்டாம். நீங்கள் ஒருவனின் கையைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது இன்னொருவனின் கால் உங்கள் தலைக்கு வரும். கவ்வாத்துக் கத்தியோ வேறெந்தக் கத்தியோ நெருக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமலே வேலை செய்யும். கேட்பதைக் கொடுத்துவிடுங்கள், முடிந்தால் ஓடுங்கள். ஓட வழியே இல்லாமல் கீழே விழுந்துவிட்டால் மட்டும், ஆயுதம் பிடித்த கையை இரு கைகளாலும் பற்றுங்கள். ஒரு கையால் அதைத் தடுத்து மறு கையால் அடிக்க முனையாதீர்கள்.

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர்: தற்காப்புக்காகக் கழுத்துப் பூட்டுப் போட்டால் சட்டம் என்ன சொல்லும்?

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 89ஆம் பிரிவு, தற்காப்புரிமையைப் பிரயோகித்துச் செய்யப்படும் எதுவும் குற்றமாகாது என்கிறது. ஆயினும் அந்த உரிமை, தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டுவதில்லை. தரைப்பிடியில் இந்த எல்லை மிகவும் நெருக்கமானது. கழுத்தின் இருபக்க இரத்தக்குழாய்களும் சரியாக அழுத்தப்பட்டால் ஏறத்தாழ பத்து நொடிகளில் ஒருவர் மயங்கிவிடலாம். அதன் பின்னரும் பிடியை விடாதிருப்பது மரணத்தில் முடியலாம். எதிராளி தளர்ந்தவுடன் விட்டு விலக வேண்டும். இரத்தக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் வேறுபாடு தெரியாத ஒருவர் இந்தப் பூட்டைப் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நுவரெலியாவிலிருந்து ஒரு தாய்: பன்னிரண்டு வயது மகன் யூடியூப் பார்த்துத் தம்பியோடு பழகுகிறான். அது போதுமா?

போதாது, சீமெந்துத் தரையில் என்றால் உடனே நிறுத்துங்கள். 1882இல் ஜூடோவை நிறுவிய ஜிகோரோ கானோ, உண்மையாக எதிர்க்கும் துணையோடு பழகுவதைப் பயிற்சியின் மையத்தில் வைத்தார். இணங்கிக் கிடக்கும் தம்பியிடம் எந்தப் பிடியும் பலிக்கும். பாடசாலைகளில் ஜூடோவும் மல்யுத்தமும் போட்டி விளையாட்டுகளாக இருப்பதால், முதலில் அவனுடைய விளையாட்டு ஆசிரியரிடம் விசாரியுங்கள். விரிப்பு இருக்கிறதா, விழும் முறையை முதலில் கற்பிக்கிறார்களா, பழகும் துணைவர் ‘போதும்’ என்று கையால் தட்டியவுடன் பிடியை விடுகிறார்களா என்பவற்றை நேரில் போய் ஒரு வகுப்பு முழுவதும் இருந்து பாருங்கள். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அங்கே சேர்க்க வேண்டாம்.