பதில்: மவுசர் 98-க்கு .375ஆ, .416 ரிக்பியா?

நண்பரே, மவுசர் 98-இல் வேட்டைத் துப்பாக்கி கட்ட .375 தோட்டாவா, .416 ரிக்பி தோட்டாவா (எண் குண்டின் விட்டம், அங்குலத்தில்) என்று கேட்டிருந்தீர்கள். ரிக்பியை விட்டுவிடுங்கள். கையில் இருப்பது சாதாரண நீள மவுசர் 98 ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றிப் பூட்டும் இயந்திரப் பகுதி). வேட்டை பெரும்பாலும் குடு, ஈலண்டு போன்ற பெரிய மான்கள், எப்போதாவது ஒரு கேப் எருமை என்கிறீர்கள். .416 ரிக்பி தோட்டா 3.75 அங்குல நீளம், அடியும் பருமன். அதற்கு நீளம் கூடிய மேக்னம் ஆக்‌ஷனே வேண்டும்.

.375 ஹெச்&ஹெச் தோட்டாவும் 3.6 அங்குலம். இந்த ஆக்‌ஷனில் அதைத் திணிக்க, தோட்டா ஏறும் சரிவை முன்னோக்கி ராவ வேண்டும். போல்ட்டின் (தோட்டாவை அடைத்துப் பூட்டும் தண்டு) கீழ்க்காது, அதாவது பூட்டும் முனை, உட்காரும் இரும்பு அங்கேதான் இருக்கிறது. சுடும்போது அழுத்தத்தில் பெரும் பங்கு அதன்மேல்தான். பலர் செய்திருக்கிறார்கள், சரிதான். நானாக இருந்தால் அந்த இடத்தில் அரம் வைக்க விடமாட்டேன்.

9.3×62 என்ற தோட்டாவை ஏன் யோசிக்கவில்லை? 1905-இல் பெர்லினில் ஒட்டோ போக் இந்த ஆக்‌ஷனுக்கென்றே வடித்தது. 286 கிரெய்ன் எடையுள்ள குண்டு, நொடிக்குச் சுமார் 2,350 அடி. ஈலண்டுக்குத் தாராளம். உதைப்பும் .375-ஐ விடக் குறைவு. தோள் பயந்தால் குறி தவறும், அப்புறம் எந்தக் காலிபர் இருந்தும் பிரயோஜனமில்லை.

ஒரே சிக்கல் எருமை. ஆப்பிரிக்காவில் பல இடங்களில் அதற்கு .375-க்குக் கீழே அனுமதி கிடையாது; 9.3 மி.மீ. அதற்குக் கொஞ்சம் கீழே. போகப்போகும் இடத்தின் விதியை வேட்டை ஏற்பாட்டாளரிடம் இப்போதே கேளுங்கள். .375 கட்டாயம் என்றால் இந்த ஆக்‌ஷனை விற்றுவிட்டு, நீள ஆக்‌ஷன் வாங்கி .375 ஹெச்&ஹெச் கட்டுங்கள். 300 கிரெய்ன் சாலிட் (பட்டதும் விரியாத) குண்டு எருமைக்குப் போதும். பேரல் வாங்குவது அதற்கப்புறம்.