கிளிக்கர் ஹீரோஸ்: 130-ஆவது ஸோனில் நிற்கிறீர்களா? பர்ஸைத் திறக்காதீர்கள்

கேள்வி: எதிரிகளைத் தட்டித் தட்டிக் கொல்லும் கிளிக்கர் ஹீரோஸ் விளையாட்டில் 130-ஆவது ஸோன் (கட்டம்) பாஸ், அதாவது பெரிய எதிரி, 30 நொடிக்குள் சாகவே மாட்டேன் என்கிறது. காசு கொடுத்து ரூபி (ஆட்டத்துக்குள் செலவாகும் கல்) வாங்கலாமா? இணையத்தில் ஒருவர் 300 ரூபாய்க்கு 'ஃபுல் சேவ்' (வெகுதூரம் ஆடி முடித்த ஆட்டப்பதிவு) தருவதாகச் சொல்கிறார். இதற்குமேல் விளையாடுவதில் பலன் உண்டா?

பதில்: முதலில் அந்த 300 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள். இந்த விளையாட்டின் சேவ் வெறும் எழுத்துக்கோவை. யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திருத்திக்கொள்ளலாம். அதைத்தான் அவர் விற்கிறார். இம்போர்ட் செய்த அடுத்த நொடி உங்கள் பழைய ஆட்டம் அழிந்துவிடும். இதே ஆட்கள்தான் 'மாட்' ஏபிகே (திருத்திய ஆப்) என்ற பெயரில் போனுக்குள் கண்டதையும் ஏற்றுகிறார்கள். கேட்பாரில்லை, புகார் செய்தாலும் வேறு பெயரில் மறுநாளே வந்து நிற்கிறார்கள்.

நீங்கள் மாட்டிக்கொண்டது ஆட்டத்தின் கணக்கில். 140-ஆவது ஸோன்வரை எதிரியின் உயிர் ஸோனுக்கு ஸோன் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஏறும். அடுத்த பாஸுக்குள், அதாவது 5 ஸோனில், சுமார் 9 மடங்கு. தங்கம் கொடுத்து நீங்கள் உயர்த்தும் ஹீரோவின் விலையோ லெவலுக்கு 7 சதவீதம் கூடுகிறது. 200-ஆவது லெவலிலும் அதன்பின் ஒவ்வொரு 25 லெவலுக்கும் அடி 4 மடங்காகும், ஆனால் அந்த 25 லெவலுக்குள் விலை 5 மடங்குக்கு மேல் போய்விடும். தங்கம் எட்டாது.

வழி அசென்ஷன், அதாவது ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்குவது. அமென்ஹோடெப் என்ற ஹீரோவை 150-ஆவது லெவலுக்குக் கொண்டுபோனால் அந்த அப்கிரேடு திறக்கும். தங்கமும் லெவல்களும் போகும், ஹீரோ சோல்கள் கைக்கு வரும். செலவழிக்காத ஒவ்வொரு சோலும் அடியை 10 சதவீதம் கூட்டும். சோல்களைக் கொடுத்து 'ஏன்ஷியன்ட்' எனும் நிலையான உதவியாளர்களை வாங்கலாம்: முதலில் சியாலடாஸ், பிறகு லிபர்டாஸ் வாங்குங்கள். அடுத்தடுத்த ஏன்ஷியன்ட் விலை ஏறிக்கொண்டே போகும், கண்டதையும் வாங்காதீர்கள். சியாலடாஸும் லிபர்டாஸும் வேலை செய்ய 60 நொடி கிளிக் செய்யாமல் இருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் ஒருமுறை தட்டினாலும் பலன் நின்றுவிடும். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

ரூபியை ஒரே ஒரு விஷயத்துக்குச் சேர்த்து வைக்கலாம்: 50 ரூபிக்கு வரும் குவிக் அசென்ஷன். ஆட்டத்தைக் கலைக்காமலே சோல் தரும். ஆனால் எவ்வளவு தரும் என்பது நீங்கள் எட்டிய உச்ச ஸோனைப் பொறுத்தது. 130-இல் வாங்கினால் கைக்குச் சில சோல்கள்தான். பல அசென்ஷன் முடித்து, நீண்ட ஓட்டம் ஓடி, உச்ச ஸோன் நன்றாக ஏறிய அன்று வாங்கினால் அதே 50 ரூபிக்குப் பல மடங்கு கிடைக்கும். அப்போதும் திரையில் தோன்றுபவற்றைத் தட்டிச் சேர்த்த இலவச ரூபியில்தான், காசு கொடுத்து அல்ல. தயாரித்த பிளேசாரஸ் நிறுவனமே, இலவசமாகக் கொடுத்து உள்ளே காசு பிடுங்கும் முறை சரியில்லை என்று 2017-இல் சொல்லி, இரண்டாம் பாகத்தில் அதைக் கைவிட்டது. ஆப் ஸ்டோர்களுக்கு அந்த உறுத்தல் இன்னும் வரவில்லை.

விளையாடலாமா என்றால், தாராளமாக. குடிகார அடிதடிக்காரன் இவான், கடற்கரை இளவரசி பிரிட்டனி என்று ஆள்களிலேயே சிரிப்பு இருக்கிறது. 140-ஐத் தாண்டியதும் எதிரியின் உயிர் மெதுவாகத்தான் ஏறும், ஓட்டம் சூடுபிடிக்கும். குறை என்னவென்றால், எல்லா ஹீரோவும் திறந்தபின் அந்த நகைச்சுவை வற்றி, எண் மட்டுமே மிஞ்சும். கதை கிடையாது. அசென்ட் செய்யும் முன் செட்டிங்ஸில் போய் உங்கள் ஆட்டப்பதிவை (சேவ்) ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக எடுத்து வையுங்கள்.