பல்லி, தவளைகளுக்கு உயிர்த்தீனி: கேள்விகளும் பதில்களும்

வீட்டில் கெக்கோ பல்லியும் தவளையும் வளர்ப்போர் உயிர்த்தீனி பற்றிக் கேட்கலாம் என்று போன கிழமை சொல்லியிருந்தேன். அவற்றுக்குத் தீனியாகும் சுவர்க்கோழிப் பூச்சியைக் கல்லடியில் பல வருடங்களாக வளர்த்து வருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

களுவாஞ்சிக்குடி: மூடியில் ஆணியால் நான்கு துளை போட்ட பெட்டியில் சுவர்க்கோழி வளர்க்கிறேன். பெருகவில்லை, செத்துக்கொண்டே இருக்கின்றன.

அந்த நான்கு துளைதான் காரணம், தம்பி. சுவர்க்கோழிக்கு வெப்பம் வேண்டும், புழுக்கம் ஆகாது. எச்சமும் ஈரமும் சேர்ந்தால் அமோனியா நாற்றம் எழும், கூட்டமாகச் சாகும். மூடியில் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி உலோக வலை ஒட்டுங்கள். நைலோன் வலையைக் கடித்து ஓட்டையாக்கிவிடும். முட்டை மட்டைகளை நிமிர்த்தி அடுக்கினால் எச்சம் அடியில் விழும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குஞ்சுகள் மூழ்கும். ஒரு துண்டு கரட் போதும்.

முட்டையிட, பழைய தயிர்ச்சட்டியில் ஈரத் தும்புத்தூளை நிரப்பி வையுங்கள். பெண்பூச்சியின் பின்னால் ஊசிபோல் நீண்டிருக்கும் குழலைத் தும்புக்குள் இறக்கி முட்டை வைக்கும். கிளறிப் பார்த்தால் குறுணையைவிட மெல்லிய, வெளிர்மஞ்சள் முட்டைகள் தெரியும். மூன்றாம் நாள் சட்டியை வேறு பெட்டிக்கு மாற்றாவிட்டால் பெரியவை தோண்டித் தின்றுவிடும். 30 பாகை வெப்பத்தில் 10 முதல் 14 நாட்களில் பொரிக்கும். கச்சான் வீசும் காலத்தில் தும்பு ஒரே பகலில் காய்ந்துவிடும். காலையும் மாலையும் நீர் தெளியுங்கள்.

சம்மாந்துறை: வயலில் வெட்டுக்கிளி நிறைய இருக்கிறது. பிடித்துக் கொடுக்கலாமா?

வேண்டாம். மருந்தடித்த வயலில், துள்ள முடியாமல் தள்ளாடும் வெட்டுக்கிளிதான் முதலில் கையில் அகப்படும். அந்த நஞ்சு பல்லிக்கும் போகும்.

ஏறாவூர்: சுவர்க்கோழிமேல் தூவிக் கொடுக்கும் கல்சியம் பொடி இங்கே கிடைக்கவில்லை.

கணவாய் ஓடு போதும். கரையில் ஒதுங்கும் வெள்ளை ஓட்டை உப்புப் போக நீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, கத்தியால் சுரண்டினால் மாவாக உதிரும். சுவர்க்கோழியில் பொசுபரசு மிகுதி, கல்சியம் குறைவு. பொடி தூவாமலே கொடுத்து வந்தால் பல்லியின் தாடை மெத்தென்று வளையும், கால்கள் கோணும். அந்த நிலையில் ஒரு பல்லியைக் கையில் ஏந்தியிருக்கிறேன், மறக்க முடியவில்லை.

கல்முனை, பெரியவர் ஒருவர்: வெற்றிலைச் சுண்ணாம்பும் சிப்பியில் வந்ததுதானே? அதை உலர்த்தித் தூவலாம். நாங்கள் காலமெல்லாம் தின்கிறோம்.

ஐயா, தயவுசெய்து வேண்டாம். ஓடு கல்சியம் காபனேற்று. அதைச் சுட்டு நீற்றிய பின் கிடைப்பது கல்சியம் ஐதரொட்சைட்டு, கடுங்காரம்.

அவரே: காற்றுப் பட்டால் சுண்ணாம்பு பழையபடி காபனேற்றாகிவிடுமே?

ஆகும், உண்மைதான். ஆனால் மேற்புறம் மாறினாலும் கட்டியின் உள்ளே காரம் நெடுநாள் இருக்கும். சுண்ணாம்பு கூடிப்போனால் நாக்கு வேகும், நீங்கள் துப்பிவிடுவீர்கள். தவளைக்கு அது முடியாது. நீரைத் தோலாலேயே உறிஞ்சும் உயிர் அது. பொடி உதிர்ந்த ஈரத்தில் உட்கார்ந்தாலே தோல் வெந்துவிடும்.

அக்கரைப்பற்று: வரப்போரப் புல்லில் பிடித்த வெட்டுக்கிளி?

சம்மாந்துறைக்குச் சொன்னதுதான்.

வாழைச்சேனை: வீட்டுக் கரப்பான்? மின்மினி?

இரண்டும் வேண்டாம். அயல்வீட்டில் வைத்த நஞ்சை அந்தக் கரப்பான் தின்றதா என்று உங்களுக்குத் தெரியாது. வட அமெரிக்காவில் மின்மினியை விழுங்கிய தாடிப்பல்லிகள் செத்திருக்கின்றன.

பொத்துவில்: காட்டில் எடுத்த நட்சத்திர ஆமைக்கு என்ன தீனி?

அது சட்டம் பாதுகாக்கும் விலங்கு. வனசீவராசிகள் திணைக்களத்திடம் ஒப்படையுங்கள்.

காத்தான்குடி: கொழும்பிலிருந்து பஸ்ஸில் சுவர்க்கோழி எடுப்பிக்கிறேன். வந்தவுடன் கொடுக்கலாமா?

ஒரு நாள் பொறுங்கள், தங்கச்சி. பட்டினியில் வந்த பூச்சி வெறும் கோது. முருங்கையிலையும் பூசணியும் தின்னவிட்டு மறுநாள் கொடுங்கள். பூச்சியின் வயிற்றில் உள்ளதுதான் பல்லியின் சாப்பாடு. பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். வந்தவற்றைப் பழைய கூட்டத்தோடு கலக்கவும் வேண்டாம்: சுவர்க்கோழிக்கென்றே ஒரு வைரசு உண்டு, 2010ஐ ஒட்டி வட அமெரிக்காவில் பண்ணை பண்ணையாக அழித்தது.

நிந்தவூர்: வெட்டுக்கிளியைக் கழுவிக் கொடுத்தால்?

நஞ்சு உடலுக்குள் இருக்கிறது, கழுவினால் போகாது. இதை இனியும் கேட்காதீர்கள்.

கல்முனைப் பெரியவர்: சரி, சுண்ணாம்பை விட்டுவிட்டேன். பேரனின் தவளைக்குக் கணவாய் ஓடு எங்கே எடுப்பது?

மீன்சந்தையில் கணவாய் வெட்டுபவரிடம் கேளுங்கள், ஐயா. ஓட்டை எறியத்தான் வைத்திருப்பார்.